தப்பிச்சாச்சு, அப்புறம்?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எதிரே எங்கள் குடும்ப நண்பர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஊரில் எல்லோருக்கும் மாமா என்பதால் எனக்கும் மாமாதான். கையிலிருந்த செய்தித்தாளை மடித்து, ஒரு சின்னச் செய்தியில் விரலை வைத்தார். இரவு கேளிக்கை விடுதியில் சோதனை, சில வெளிநாட்டுப் பெண்கள் மீட்பு, விசாரணை நடக்கிறது. அவ்வளவுதான் செய்தி. "அதான் காப்பாத்தியாச்சே. தப்பிச்சாச்சு. அப்புறம் என்னம்மா?" என்றார்.

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. செய்தி அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, அதனால் வாசிப்பவரும் நின்றுவிடுகிறார். காவல்துறை வந்தது, கதவு திறந்தது, முடிந்தது. பாலியல் தொழிலுக்காகக் கடத்தப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையில் அதற்கு மறுநாள் காலை என்ன நடக்கிறது, அடுத்த மாதம் என்ன, மூன்றாம் வருடம் என்ன என்பது செய்தியாவது குறைவு. அன்று மாமாவிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். நானே உருவாக்கிய ஆள்தான், பெயர் வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம், முப்பது வயது, கணவர் இல்லை, ஒரு மகள். கோயில் திருவிழா ஆடல் பாடல் மேடைகளில் ஆடிப் பழக்கம். சிங்கப்பூர் விடுதியில் ஆடினால் மாதம் நாற்பதாயிரம் ரூபாய் என்கிறார் ஏஜெண்ட். விசா, டிக்கெட், கமிஷன் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம். கையில் இல்லை, அதனால் மூன்று வட்டிக்கு வாங்குகிறாள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் இரண்டு லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம். இந்த ஆறாயிரத்தை மறந்துவிடாதீர்கள்.

இந்தியாவில் பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காக வெளிநாடு போவதென்றால், 18 நாடுகளுக்குக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் உண்டு. சிங்கப்பூர் கிடையாது. ஒழுங்கான நாடு, அங்கே பிரச்சினை வராது என்ற எண்ணமாக இருக்கலாம். அதனால் நம் தஞ்சாவூர்ப் பெண்ணின் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் புரட்டிப் பார்க்காமலேயே அவள் விமானம் ஏறிவிடுகிறாள்.

நம் ஆட்கள் நடத்தி நம் ஆட்கள் போகும் ஆட்ட விடுதிகளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. அங்கே மாலை போடும் வழக்கம் ஒன்று உண்டு. பிடித்த ஆட்டக்காரிக்கு வாடிக்கையாளர் காசு கொடுத்து மாலை போடுவார். ஐம்பது வெள்ளி, அதாவது ஐம்பது சிங்கப்பூர் டாலர் மாலையும் உண்டு, ஆயிரம் வெள்ளி மாலையும் உண்டு. பூ அதேதான், மறுபடி மறுபடி அதே மாலையே கழுத்து மாறும். பார்க்க விளையாட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் மாதம் இத்தனை வெள்ளிக்கு மாலை வாங்கியாக வேண்டும் என்று இலக்கு வைத்து, எட்டாத பாக்கியைக் கடனோடு சேர்த்து, பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டிக்கொண்டால் அங்கே நடப்பது வேறு. "அவர் உன்கிட்ட பிரியமா இருக்கார், கூடப் போயிட்டு வா, இந்த மாசக் கணக்கு நேராயிடும்" என்று ஒருவர் சொல்லும்போது அவள் எப்படி மறுப்பாள்? தன் வேலை அனுமதி ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும். அதற்குள் இரண்டு லட்சத்தை அடைத்தாக வேண்டும்.

இது என் கற்பனையில் மட்டும் நடப்பதல்ல. 2020 பிப்ரவரியில் ஒரு தம்பதிக்கு ஆளுக்கு ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கேளிக்கை விடுதிகளில் ஆட வந்த மூன்று பங்ளாதேஷ் பெண்களைச் சுரண்டியது குற்றம். பாஸ்போர்ட்டைப் பறித்து, வேலை நேரம் போக மீதி நேரம் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு பெண் பாலியல் தொழிலுக்கும் தள்ளப்பட்டார். ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் உழைப்புச் சுரண்டலுக்காகச் சிங்கப்பூரில் கிடைத்த முதல் தண்டனை அது. அந்தச் சட்டத்தில் அதற்கும் முந்தைய தண்டனை 2016இல் வந்தது. அதில் பாதிக்கப்பட்டவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இல்லை, பதின்ம வயதுப் பிள்ளைகள். கடத்தல் என்றால் கப்பல், விமானம், எல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டம் எல்லையைக் கேட்பதில்லை. ஒரே பேட்டையில் ஒரு புளோக்கிலிருந்து இன்னொரு புளோக்குக்கு நடந்தாலும் கடத்தல் கடத்தல்தான்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் 2014 நவம்பரில் நிறைவேறி, 2015 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முதல் முறை குற்றத்துக்குப் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், ஆறு பிரம்படி வரை. ஆளைச் சேர்ப்பது அல்லது கொண்டுவருவது, அதற்கு மிரட்டல், ஏமாற்று, அதிகார துஷ்பிரயோகம் போன்ற வழி, சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் சேர வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இரண்டாவதை நிரூபிக்கவே தேவையில்லை. அந்தப் பெண் சம்மதித்தாளா இல்லையா என்பது பொருட்டில்லை என்றும் சட்டம் சொல்கிறது. அதே 2015 செப்டம்பரில் சிங்கப்பூர் ஐநாவின் ஆட்கடத்தல் நெறிமுறையிலும் சேர்ந்தது. 2020இல் ஆட்கடத்தல் பற்றிய அமெரிக்க வெளியுறவு அமைச்சின் வருடாந்தர அறிக்கை சிங்கப்பூரை முதல் நிலைக்கு உயர்த்தியது. அடுத்த நாட்டுக்கு மதிப்பெண் போடும் அந்த வழக்கத்தைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம்.

காகிதத்தில் நல்ல சட்டம். சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. இவள் கடத்தப்பட்டவள் என்று முதலில் ஒருவர் கண்டுகொள்ள வேண்டும்.

சிங்கப்பூரில் பாலியல் தொழில் செய்வது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் பொது இடத்தில் ஆள் கூப்பிடுவது குற்றம், விபச்சார விடுதி நடத்துவது குற்றம், அந்த வருமானத்தில் வாழ்வது குற்றம். வேலை அனுமதியில் எழுதியிருப்பதைத் தவிர வேறு வேலை செய்வதும் குற்றம், அனுமதி முடிந்த பிறகு தங்குவதும் குற்றம். சோதனை நடக்கும் இரவில் நம் தஞ்சாவூர்ப் பெண் இந்தப் பட்டியலில் இரண்டு மூன்றில் மாட்டுவாள். அதே நேரம் அவள் கடத்தப்பட்டவளும்தான். முதல் அரைமணி நேரத்தில் அவளிடம் என்ன கேட்கப்படுகிறது, எந்த மொழியில், யார் பக்கத்தில் நிற்கும்போது என்பதைப் பொறுத்து அவள் சாட்சியா, குற்றவாளியா என்பது ஏறத்தாழ முடிவாகிவிடும். கட்டாயத்தின்பேரில் செய்த குற்றங்களுக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதுங்கள் என்று 2014இல் பல அமைப்புகள் கூட்டாகக் கேட்டன. அப்படி ஒரு பிரிவு சேரவில்லை. அந்தந்த வழக்கைப் பார்த்து அதிகாரிகள் முடிவெடுக்கிறார்கள்.

அந்த இரவில் அவள் உண்மையைச் சொல்வாளா? பெரும்பாலும் மாட்டாள். காவல்துறை வந்தால் உன்னைத்தான் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவளை வைத்திருந்தார்கள், இப்போது பார்த்தால் நிஜமாகவே அவளைத்தான் பிடித்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. 'ஆட்டம் மட்டும் இல்லை, வேறும் இருக்கும்' என்று வரும்போதே அரைகுறையாகத் தெரிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்து வந்தவள் கடத்தப்பட்டவள் ஆக மாட்டாள் என்பது நம் ஆட்களின் தீர்ப்பு. சட்டத்தின் தீர்ப்பு அதுவல்ல. வரச் சம்மதித்தவள் பூட்டிய வீட்டுக்கும், பிடுங்கிய பாஸ்போர்ட்டுக்கும், மாதாமாதம் ஏறும் கடனுக்கும் சம்மதித்தவள் ஆவதில்லை. மாமாவுக்கு இது ஒன்றைப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது.

மறுபக்கமும் உண்டு. பாலியல் தொழிலில் இருக்கும் எல்லாப் பெண்களும் கடத்தப்பட்டவர்கள் இல்லை. 2008 முதல் பாலியல் தொழிலாளர்களோடு வேலை செய்துவரும் புராஜெக்ட் எக்ஸ் அமைப்பு இதை ஓயாமல் சொல்லிவருகிறது. எல்லோரையும் பாவப்பட்டவர்கள் என்று ஒரே கூடையில் போட்டு விரட்டினால், உண்மையில் அடைபட்டிருப்பவள் இன்னும் உள்ளே தள்ளப்படுவாள். பக்கத்து அறையில் ஒருத்தி அழுகிறாள் என்று முதலில் தெரியவருவது அடுத்த அறைப் பெண்ணுக்குத்தான். அவளுக்குக் காவல்துறையிடம் பேசப் பயமாக இருந்தால் அந்தச் செய்தி வெளியே வராது.

சரி, அவளைக் கண்டுகொண்டார்கள், காப்பகத்தில் சேர்த்தார்கள் என்றே வைப்போம். கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்குத் தங்குமிடமும் மனநல ஆலோசனையும் தர சமூக நலத் துறை இயக்குநருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. 2004இல் பிரிஜட் டான் தொடங்கிய ஹோம் போன்ற தொண்டு அமைப்புகளும் காப்பகம் நடத்துகின்றன. காப்பகம் என்றதும் நமக்குத் தோன்றுவது நிம்மதி. ஆனால் உடம்பு அப்போதுதான் கணக்குக் கேட்க ஆரம்பிக்கும்.

ஐரோப்பாவில் இப்படி உதவி மையங்களுக்கு வந்து சேர்ந்த 192 பெண்களிடம் கேட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. நூற்றுக்கு 82 பேருக்குத் தலைவலி, 81 பேருக்குத் தீராத அசதி, 62 பேருக்கு நினைவு தடுமாற்றம். இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வழக்கு முழுக்க அவளுடைய நினைவின்மேல்தான் நிற்கப்போகிறது. எந்தத் தேதி, எந்த வீடு, யார் என்ன சொன்னார், எத்தனை வெள்ளி என்று கேட்பார்கள். முதல் வாக்குமூலத்தில் மார்ச் என்பாள், இரண்டாவதில் ஏப்ரல் என்பாள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும். தூங்காத, பயந்த மூளை நாள்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்வதில்லை என்பது மருத்துவருக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு அதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே ஆய்வாளர்கள், ஏறக்குறைய 90 நாள் பாதுகாப்பான இடத்தில் இருந்த பிறகே பெண்களின் நிலை குறிப்பிடத்தக்க அளவு தேறுகிறது என்று கண்டு, அதுவரை விசாரணையில் ஒத்துழைப்பது பற்றி முடிவெடுக்கச் சொல்லி நெருக்கக் கூடாது என்றார்கள். ஐரோப்பிய மன்றத்தின் 2005 ஒப்பந்தம் குறைந்தது 30 நாள் அவகாசத்தை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. யோசிக்க, தூங்க, அழ, 'நான் சாட்சி சொல்கிறேன்' அல்லது 'வேண்டாம், ஊருக்குப் போகிறேன்' என்று முடிவெடுக்க. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அப்படி ஒரு அவகாசம் உரிமையாக எழுதப்படவில்லை.

இங்கே வருவது ஸ்பெஷல் பாஸ். வெளிநாட்டு ஊழியர்களோடு பழகியவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். வேலை அனுமதி போனவர், விசாரணைக்காக நாட்டில் இருக்க வேண்டியவர் கையில் இருக்கும் தற்காலிக அனுமதி. குறிப்பிட்ட தேதி வரை செல்லும், அப்புறம் போய்ப் புதுப்பிக்க வேண்டும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். அந்த அனுமதியில் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. வழக்குக்குத் தேவைப்படுகிறவர்கள் தற்காலிக வேலைத் திட்டத்தின்கீழ் தனி ஒப்புதல் பெற்று வேலைக்குப் போகலாம். மனிதவள அமைச்சு அனுமதிக்க வேண்டும், முதலாளி ஒருவர் கிடைக்க வேண்டும், அவளும் வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும்.

மாதம் ஆறாயிரத்தை நினைவு வைத்திருக்கிறீர்களா? இங்கே காப்பகத்தில் சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, ஆலோசகர் உண்டு. அங்கே தஞ்சாவூரில் வட்டிக்காரர் மாதம் முதல் தேதி வாசலில் உட்கார்ந்துவிடுவார். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கத்தான் செய்கிறது, வட்டியும் இருக்கத்தான் செய்கிறது. அவளுடைய அம்மா போன் செய்வார். "ஏண்டி, மூணு மாசமா காசு வரல. நீ அங்க என்னதான் பண்ற?" அம்மாவிடம் என்ன சொல்வாள்? மகளிடம்? காப்பகத்தில் இருக்கும் பெண்களின் முதல் கவலை கடந்தது பற்றியதாகத்தான் இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்போம். அவர்களோடு பழகியவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். முதல் கேள்வி, "எப்ப வேலைக்குப் போகலாம், எப்ப காசு அனுப்பலாம்?"

அதனால்தான் தற்காலிக வேலை கிடைப்பது ஆலோசனையைவிடக் குறைந்த மருந்து இல்லை என்று நான் சொல்வேன். உணவகத்தில் பாத்திரம் கழுவினாலும் சரி, மாதக் கடைசியில் அவள் பெயரில், அவள் கணக்கில் விழும் முதல் சம்பளம் அது. தேக்காவில் பணம் அனுப்பும் கடை வரிசையில் எல்லோரையும் போல நின்று அவள் அனுப்பும் இருநூறு வெள்ளி, அம்மாவின் போனை ஒரு மாதத்துக்காவது அமைதியாக்கும். வேலை கிடைக்காவிட்டால் பலர் எடுக்கும் முடிவு, 'வழக்கு வேண்டாம், என்னை அனுப்பிவிடுங்கள்'. அவள் போனால் வழக்கு தளரும். வழக்கு தளர்ந்தால் அந்த ஏஜெண்ட் அடுத்த திருவிழா மேடையில் அடுத்த ஆளைத் தேடுவார். உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி கட்டாய உழைப்பிலிருந்து ஆண்டுக்கு 23,600 கோடி அமெரிக்க டாலர் சட்டவிரோத லாபம் வருகிறது. அதில் 73 விழுக்காடு பாலியல் சுரண்டலிலிருந்து. அத்தனை பெரிய வியாபாரம் ஒரு சாட்சி பொறுமையிழந்து ஊருக்குப் போவதில் தப்பிக்கிறது.

இழப்பீடு உண்டா? உண்டு, இல்லை என்று இரண்டும் சொல்லலாம். குற்றவாளிக்குத் தண்டனை கொடுக்கும்போது இழப்பீட்டுக்கும் உத்தரவிடலாமா என்று சிங்கப்பூர் நீதிமன்றம் பரிசீலித்தாக வேண்டும், கொடுக்கவில்லையென்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2018 சீர்திருத்தத்தில் வந்த விதி. தனியாகச் சிவில் வழக்குப் போடலாம் என்றால், அரசின் சட்ட உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஊருக்குத் திரும்பிவிட்டவர்கள் அங்கிருந்தபடியே இங்கே வழக்கு நடத்த ஜஸ்டிஸ் விதவுட் பார்டர்ஸ் என்ற அமைப்பு வழக்கறிஞர்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. கேட்க எளிதாக இருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு நோட்டரி முன் சத்தியப் பிரமாணம் எடுத்து, வீட்டுக்குத் தெரியாமல் அதைச் சிங்கப்பூருக்கு அனுப்பி, காணொளியில் சாட்சி சொல்வதை யோசித்துப் பாருங்கள். தெருவில் யார் வீட்டுக்குக் கூரியர் வந்தது என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் ஊரில்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். பூகிஸ் ஜங்ஷன் கடைத்தொகுதிக்குள் கண்ணாடிக் கூரைக்குக் கீழே மூன்று பழைய தெருக்கள் ஓடுகின்றன. மலாய் ஸ்திரீட், ஹைலாம் ஸ்திரீட், மலபார் ஸ்திரீட். குளிர்சாதனக் காற்றில் நாம் பபுள் டீ வாங்கிக் குடிக்கும் இடம். நூறு நூற்றிருபது வருடத்துக்கு முன் ஜப்பானிய விபச்சார விடுதிகள் வரிசையாக இருந்தது அங்கேதான். கியூஷு தீவின் அமகுசா, ஷிமபரா போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து கடனுக்கு விற்கப்பட்டு வந்த அந்தப் பெண்களைக் கராயுகிசான் என்பார்கள். திரும்ப முடியாமல் இறந்தவர்கள் ஹவ்காங்கில், 1891இல் தொடங்கிய ஜப்பானிய இடுகாட்டில் கிடக்கிறார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னக் கற்கள். நம் பள்ளி வகுப்புகளில் சொல்லாத சிங்கப்பூர் வரலாறு.

சீனப் பெண்களுக்கு அப்போதே ஒரு மீட்பு இல்லம் இருந்தது. 1880களின் பிற்பகுதியில் சீனர் பாதுகாப்புத் துறையை ஒட்டித் தொடங்கிய போ லியுங் குக். விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களையும் சிறுமிகளையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எப்போது வெளியே விடுவார்கள்? பெரும்பாலும் கல்யாணம் ஆகும்போது. மனைவி தேடும் ஆண்கள் அங்கே விண்ணப்பம் போடுவார்கள், இல்லத்தார் ஆளை விசாரித்துக் கொடுப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது கருணைதான். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த மறுவாழ்வு என்னவோ, ஒரு ஆணின் கையிலிருந்து இன்னொரு ஆணின் கைக்குப் போவதாகத்தான் இருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், நம் காலத்திலும் மறுவாழ்வு என்றால் முதலில் வாயில் வருவது "ஒரு நல்லவனாப் பாத்துக் கட்டி வச்சிடலாம்", அடுத்து வருவது தையல் மெஷின்.

தையல் மெஷின்மீது எனக்குப் பகை இல்லை. அம்மா அதில் தைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் மீண்ட பெண் எல்லோருக்கும் தையலும் மெழுகுவத்தியும் ஊறுகாயும்தான் என்று யார் முடிவு செய்தது? ஏற்கெனவே ஊரில் பத்துத் தையல்காரர்கள் இருக்கும்போது பதினொன்றாவது ஆளுக்கு மாதம் என்ன வரும், அதில் ஆறாயிரம் வட்டி எப்படிப் போகும் என்று கணக்குப் போட்டால் திட்டம் அங்கேயே உட்கார்ந்துவிடும். ஹைதராபாத்தில் சுனிதா கிருஷ்ணன் 1996இல் தொடங்கிய பிரஜ்வலா, மீண்ட பெண்களுக்கு வெல்டிங்கும் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தது. ஆண்கள் செய்யும் வேலை, ஆண்கள் வாங்கும் கூலி. அதோடு, வெல்டிங் முகமூடி போட்டவளை 'அந்த மாதிரிப் பொம்பளை' என்று சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

இன்னொரு எடுத்துக்காட்டு நேபாளத்திலிருந்து. 1996 பிப்ரவரியில் மும்பை விடுதிகளில் பெரிய சோதனை நடந்து நூற்றுக்கணக்கான பெண்கள் பிடிபட்டார்கள், அதில் நேபாளப் பெண்கள் ஏராளம். அவர்களை அழைத்துக்கொள்ள நேபாள அரசு முன்வரவில்லை. மாதக்கணக்கில் மும்பைக் காப்பகங்களில் கிடந்தார்கள். கடைசியில் தொண்டு அமைப்புகள்தான் கூட்டிப் போயின. திரும்பிய பெண்களில் சிலர் சேர்ந்து சக்தி சமூஹா என்று ஒரு அமைப்பைக் கட்டினார்கள். தெற்காசியாவில் கடத்தலிலிருந்து மீண்டவர்கள் தாங்களே நடத்தும் அமைப்பு என்று முதலில் பேசப்பட்டது அதுதான். 2013இல் மகசேசே விருது கிடைத்தது. அவர்கள் வேலையில் எனக்குப் பிடித்தது, திரும்பி வருகிற பெண்ணை வரவேற்க நிற்பவளும் அதே வழியில் திரும்பி வந்தவள் என்பது. எதையும் விளக்க வேண்டியதில்லை. குடியுரிமைச் சான்றிதழ் எப்படி வாங்குவது, அண்ணன் வீட்டில் சேர்க்காவிட்டால் எங்கே தங்குவது என்ற நடைமுறைக் கேள்விகளுக்கு, அதை ஏற்கெனவே செய்து பார்த்த ஆளிடம் பதில் இருக்கும்.

இந்தியாவில் 2007இல் உஜ்வாலா என்று ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. 2022இல் அதை ஸ்வாதார் இல்லங்களோடு சேர்த்துச் சக்தி சதன் என்று மாற்றினார்கள். தங்குமிடம், பயிற்சி, சட்ட உதவி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் 'நான் கடத்தப்பட்டேன்' என்று ஓர் அலுவலகத்தில் வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் தஞ்சாவூர்ப் பெண் திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போது செய்ய நினைப்பது அதற்கு நேர் எதிர். மகளுக்குச் சாக்லேட், அம்மாவுக்குத் தைலம், வாங்க முடிந்தால் ஒரு சேலை. சிங்கப்பூரிலிருந்து வருகிறவள் போல வந்தாக வேண்டும். வெறுங்கையோடு போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் கதை வெளிவரும்.

இங்கே சொல் ஒரு பெரிய இடைஞ்சல். தமிழில் அவளைக் குறிக்க நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். 'கெட்டுப் போனவள்', 'சீரழிக்கப்பட்டவள்', பத்திரிகை மொழியில் 'அழகி'. விபச்சார விடுதியில் சோதனை, நான்கு அழகிகள் கைது என்று எத்தனை தலைப்பு படித்திருக்கிறோம்! காப்பகங்களும் அரசும் 'பாதிக்கப்பட்டவர்' என்கிறார்கள். அது மரியாதையான சொல், ஆனால் பத்து வருடம் கழித்தும் அவள் பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டுமா? நான் 'மீண்டவர்' என்று எழுதிப் பார்க்கிறேன். நோயிலிருந்து மீண்டோம், கடனிலிருந்து மீண்டோம், ஊருக்கு மீண்டோம் என்று மற்ற எல்லோருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், பங்ளாதேஷ், வியட்னாம் பெண்களைவிட இதில் நம் பெண்ணுக்கு வசதி. ஆனால் நம் சமூகம் சின்னது. எதிரே உட்கார்ந்து மொழிபெயர்ப்பவர் எந்த ஊர், யாருக்கு உறவு என்ற யோசனையில் அவள் பாதியை விழுங்கிவிடுவாள். உடம்பில் நடந்ததைச் சொல்லக் கொச்சையான சொல்தான் அவளுக்குத் தெரியும், அந்தச் சொல்லைப் பெரியவர் ஒருவர் முன்னால் சொல்ல வாய் வராது. "தப்பா நடந்துக்கிட்டாங்க" என்பாள். அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், பதிவேட்டில் 'முறையற்ற நடத்தை' என்று போய்விடும். நடந்ததன் கனம் எதுவும் அந்தச் சொல்லில் இருக்காது.

மறுபடி வெளிநாடு போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பிய பெண்களில் சிலர் ஒரு வருடத்தில் மறுபடி கிளம்பிவிடுவார்கள். வளைகுடாவுக்கோ, மலேசியாவுக்கோ. உதவியவர்களுக்கு மனம் உடைந்துபோகும். இவ்வளவு பட்டும் புத்தி வரவில்லையே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளைத் துரத்தியது கடன், அது இன்னும் அடையவில்லை. உள்ளூரில் கிடைக்கும் கூலியில் அது அடையவும் போவதில்லை. இந்த முறை பாஸ்போர்ட்டின் நகலை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தை ஒருவரிடம் படித்துக் காட்டிவிட்டு, அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதே சிங்கப்பூரில் குற்றம் என்பதைத் தெரிந்துகொண்டு, இடரானால் 999ஐ அழைக்கலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள் என்றால், அதுவும் மறுவாழ்வின் ஒரு பகுதிதான்.

அன்று தேக்காவில் இதில் கால்வாசியைத்தான் மாமாவிடம் சொல்லியிருப்பேன். கடன் விஷயம் வந்ததும் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்பா இங்கே வந்ததும் பட்டுக்கோட்டையில் நிலத்தை வைத்து வாங்கிய பணத்தில்தான், அந்தக் காலத்து வட்டிக் கதையெல்லாம் அவருக்குத் தெரியும். போனை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கேஸ் எத்தனை மாசம் இழுக்கும்?" என்றார்.

"ஒன்றரை வருஷம்னு வச்சுக்குங்களேன்."

ஆறாயிரத்தைப் பதினெட்டால் பெருக்கி, "ஒரு லட்சத்து எட்டாயிரம். வட்டி மட்டும்" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்?"

"அப்படியே நிக்கும் மாமா."